முதல்வர் கேட்ட புத்தகம்

மாசக் கடைசியில் ஓய்வு பெறவிருந்த கல்லூரி முதல்வர் தாணுமூர்த்திக்கு, நூலகத்தில் தான் வைத்த சாட்பாட் சொல்வதுதான் வேதவாக்கு. அவர் கருத்தரங்கில் பேச ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி, அது நம் நூலகத்திலேயே இருக்கிறது என்றது சாட்பாட். தற்காலிக உதவியாளர் பிலோமினா அலமாரி அலமாரியாகத் தேடினாள். வெளியூர் நூலகங்களுக்கும் போன் போட்டாள். அப்படியொரு புத்தகத்தை யாரும் எழுதவே இல்லை.

"மெஷின் பொய் சொல்லாதும்மா. சாயங்காலத்துக்குள்ள புத்தகம் வரலன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்," என்றார் முதல்வர்.

பிலோமினாவின் வீட்டுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான்.

சாயங்காலம் முதல்வர் வந்து நின்றார். அவர் கண்ணெதிரிலேயே, பிலோமினா சாட்பாட்டிடம் கேட்டாள்: "முதல்வர் எடுத்துப்போன அந்தப் புத்தகத்தை எப்போது திருப்பித் தருவார்?"

உடனே பதில் வந்தது: "முதல்வர் அதைச் சென்ற மாதம் எடுத்தார். இன்னும் திருப்பித் தரவில்லை."

"சுத்தப் பொய். நான் எடுக்கவே இல்ல."

"மெஷின் பொய் சொல்லாதே சார். புத்தகம் திரும்பி வராம லைப்ரரி உங்களுக்கு எப்படி நோ டியூஸ் சர்டிபிகேட் குடுக்கும்? அது இல்லாம உங்க பென்ஷன் பேப்பர் நகராதே."

முதல்வர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அப்படி ஒரு புத்தகமே கிடையாதும்மா."