முன்னவரின் மூட்டை

இந்தக் கதை நேரில் பார்த்தவர் சொன்னதல்ல. அவரிடம் கேட்டவர் சொன்னது. ஒன்றிரண்டு பேச்சு இடம் மாறியிருக்கலாம்.

ஆற்றங்கரையில் ஒரு சிறிய மடம். தலைமைப் பட்டத்தை விட்டுக் கொடுத்தவர் அதற்குமேல் அங்கே தங்குவதில்லை. புதிதாய்ப் பட்டமேற்றவர் அவருடைய மூட்டையைச் சுமந்து போய்ப் படித்துறையில் வழியனுப்ப வேண்டும். அந்த மடத்து வழக்கம் அது.

மடத்தின் தலைவர் குமரதேவர் வயதில் சிறியவர். சீடர் அம்பலவாணன் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். புது உணவுக்கூடத்துக்கான கல்வெட்டு வாசகத்தை இரண்டு மொழியிலும் எழுதியிருந்தார். மறுநாள் காலையில் கல்தச்சர் வந்துவிடுவார்.

“‘தம் முன்னவர் வேலப்பரைப் படித்துறை வரை வழியனுப்பிப் பட்டமேற்ற குமரதேவர்...’ சரியா சாமி?”

“முன்னவருக்கு இங்கிலீஷில் என்ன போட்டிருக்கீங்க, வாத்தியாரே?”

“பிரெடிசெசர்.”

“முன்னால் வந்தவர்னு அர்த்தமா?”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. லத்தீனில் அதன் வேரைப் பார்த்தா, வந்த பேச்சே கிடையாது. முன்னால் விலகிப் போனவர்.”

“போனவர்.”

“ஆமா சாமி.”

குமரதேவர் வாசகத்தில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார்.

“வழியனுப்பிங்கறதை எடுத்துடுங்க.”

“ஏன்? வழக்கம்தானே?”

“பட்டம் கட்டினதும் கூட்டம் காலில் விழ வந்தது. கொஞ்சம் பொறுங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். பொறுத்தார். நான் எழுந்து பார்த்தப்போ அவரும் இல்லை, மூட்டையும் இல்லை. ஓடினேன். பரிசல் அக்கரை சேர்ந்திருந்தது.”

“அப்புறமாவது போய்ப் பார்த்திருக்கலாமே?”

“வர்ற தை, வர்ற தைன்னு தள்ளிப் போட்டேன். அவர் சமாதியான சேதிதான் வந்தது.”

ஆறுதலாக ஏதாவது சொல்ல அம்பலவாணனுக்குத் தோன்றியது.

“இது யாருக்குத் தெரியப் போகுது சாமி? கல்லில் நல்லது இருந்துட்டுப் போகட்டுமே.”



சாயங்காலம் அம்பலவாணன் ஊருக்குக் கிளம்பினார். வாசலில் வைத்திருந்த அவருடைய பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குமரதேவர் படித்துறைப் பக்கம் நடந்தார்.

அம்பலவாணன் பதறிக்கொண்டு பின்னால் ஓடினார். “கொடுங்க சாமி. உள்ளே எல்லாம் புத்தகம். ரொம்பக் கனம்.”

குமரதேவர் நிற்கவில்லை.

“அவர் மூட்டையில் ரெண்டு வேட்டிதான் இருந்தது, வாத்தியாரே.”

பின்னொரு நாள் நானே அந்த மடத்துக்குப் போய்க் கல்லைப் பார்த்தேன். ‘வழியனுப்பி’ என்ற சொல் அதில் இல்லை.