அடைமொழி இழந்த சொம்பு

மணலூர்க் கோட்டையை ஆண்ட கொழுந்துராயருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் ஆணையில் மிகையாக ஒரு சொல் இராது. "அடைமொழி ஓலையைத் தின்னும் கரையான்" என்பார். எழுத்தர்களும் அடைமொழியைக் கண்ட இடத்தில் வெட்டினார்கள்.

அந்த மன்னருக்கு வந்த நோய்க்கோ பெயருக்குப் பஞ்சமில்லை. வயிறு வலித்தபோது அரண்மனை வைத்தியர் கதிரேச பண்டிதர் குன்மம் என்றார். முகம் வெளுத்தபோது பாண்டு என்றார். வலக்கை மணிக்கட்டு தொங்கிப்போனபோது வாதம் என்றார். மூன்று நோய்க்கு மூன்று கஷாயம். ஒன்றும் பலிக்கவில்லை.

"இது யாரோ உணவில் கலந்த இடுமருந்து. மடைப்பள்ளித் தில்லைநாயகியைக் கேளுங்கள்" என்று பண்டிதர் கைகழுவினார். அவளை நாடுகடத்த மன்னர் துணிந்தார்.

அவை விகடர் ஆவுடையப்பர் எழுந்தார். "மன்னா, அவள் வைக்கும் புளிரசத்தை நானும் நாள்தோறும் இரண்டு தொன்னை குடிக்கிறேன். நஞ்சென்றால் எனக்கு எப்போதோ திதி கொடுத்திருப்பார்கள்."

"உமக்கு நஞ்சும் செரிக்கும்" என்றார் பண்டிதர்.

"உமது கஷாயமே செரித்த வயிறு ஐயா இது."

"மாலைக்குள் நோயின் பெயரைச் சொல்லும். இல்லையேல் அவளோடு நீரும் வண்டி ஏறும்" என்றார் மன்னர்.

ஆவுடையப்பர் நேரே மடைப்பள்ளிக்குப் போனார். தில்லைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நோய் எப்போது தொடங்கியதம்மா?"

"தை பிறந்து. நடுவில் வேட்டைக்குப் போனாரே, அங்கே வலி குறைந்ததாம். காட்டுக் காற்று என்றார் பண்டிதர்."

"காட்டில் எதில் உண்டார்?"

"இலையிலும் மண்சட்டியிலும். இங்கேதானே ராஜபோகம்! நமக்கெல்லாம் பானை ரசம். அவருக்கு மட்டும் பொங்கலுக்கு வந்த புது ஈயச் சொம்பில் கொதிக்கவைக்க வேண்டும்."

விகடர் சொம்பைத் தூக்கினார், கனத்தில் கை தாழ்ந்தது. சுவரில் உரசினார், கருங்கோடு விழுந்தது.

மாலையில் அவை கூடியது.

"மன்னா, பல்லைக் காட்டுங்கள்."

அவை திகைத்தது.

"இத்தனை நாள் நான் காட்டினேன். இன்று ஒருமுறை மாறட்டும்."

மன்னர் காட்டினார். ஈறோரம் மை தீட்டியதுபோல் ஒரு நீலக்கோடு.

"நஞ்சு ஏறியவர் ஈறில் விழும் கோடு இது. நோயின் பெயர் காரீயம்" என்று விகடர் சொம்பை முன்னே வைத்தார்.

"நாம் கேட்டது வெள்ளீயச் சொம்பல்லவா?"

"ஓலையைப் பார்த்தேன். எழுத்தர் அடைமொழியை வெட்டி 'ஈயச் சொம்பு' என்று எழுதினார். ஓலை துப்பாக்கிக் குண்டு வார்க்கும் கொட்டிலுக்குப் போயிற்று. அவர்கள் அறிந்த ஈயம் ஒன்றுதான். பகைவர் குண்டுக்கெல்லாம் தப்பிய தாங்கள், சொந்தக் குண்டைப் புளியில் கரைத்துக் குடித்துவிட்டீர்கள்."

பண்டிதர் சொம்பை உரசிப் பார்த்துத் தலைகுனிந்தார். சொம்பு கொட்டிலுக்கே திரும்பியது. ஆடி பிறந்தபோது மன்னரின் கை நிமிர்ந்தது. நிமிர்ந்த கையை முதலில் தில்லைநாயகியை நோக்கி நீட்டினார்.

"உன்னைப் பழித்தது எம் பிழை. எழுத்தரே, எழுதும்: தில்லைநாயகிக்கு ஒரு மாடு ஈக."

ஆவுடையப்பர் இருமினார்.

"மறுபடியும் என்ன?"

"ஒன்றுமில்லை, மன்னா. ஓலை உழவுக் கொட்டிலுக்குப் போனால் காளைதான் வரும். அதை யார் கறப்பது?"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார்; வயிறு வலிக்கவில்லை.

"எழுத்தரே, 'கறவை' என்று சேரும். 'கன்றோடு கூடிய' என்றும் சேரும். 'முட்டாத' என்பதையும் விட்டுவிடாதீர். ஓலை போதாவிட்டால் இன்னொன்று எடும்!"