தொப்புள் இல்லாத பிள்ளை

திருப்புன்னைக்கரையில் பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பிழைத்தவர் சடைச்சியார். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை அதன்மேல் கிடத்தி, முதலில் பாதத்துக்குத் தண்ணீர் வார்ப்பார். தலைக்கு ஊற்றுவது கடைசியில்தான். எடுத்தவுடன் தலையில் கொட்டினால் பிள்ளை மிரண்டுபோகும் அல்லவா! ஒவ்வொரு பிள்ளையும் அவருக்கு ஊர்க்கோயில் புன்னைவனநாதர் அனுப்பிய புது அதிசயம். "எங்கடா இருந்தே இத்தனை நாளா? இந்தக் குட்டி நகத்தை யாருடா செஞ்சு குடுத்தா?" என்று விசாரிப்பார். பிறகு கை போகும் வழியே பாட்டும் போகும்:

பாதமே, பூமி தொடப் பிறந்த பாதமே!
தோல்தைக்கும் வீட்டிலும் தொப்புள் ஒரு முடிச்சு,
கோல்பிடிக்கும் வீட்டிலும் தொப்புள் ஒரு முடிச்சு;
உள்ளே வந்து குந்திய உயிருக்கு ஊர் ஏது, தெரு ஏது?

கூலி, ஒரு வீட்டில் கூழ். இன்னொரு வீட்டில் அதுவும் நாளைக்கு.

ஊர்த்தலைவருக்குப் பேரன் பிறந்தான். வாழ்த்துக்கவி பாட வந்தார் 'கவிராட்சதச் சிங்கம்' சொக்கேசப் புலவர். விசிறி பிடிக்க ஒருவர், பட்டத்தை உரக்கச் சொல்ல ஒருவர் கூடவே வந்தார்கள். கொல்லைப்புறத்தில் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த சடைச்சியாரின் பாட்டைக் கேட்டதும் சிங்கம் துடித்துப்போனது. தெய்வத்தை அடி முதல் முடிவரை பாடுவதும், மனிதரை முடி முதல் அடிவரை பாடுவதும் புலவர்களின் மரபு. இந்த அம்மையாரோ தோல் தைக்கிறவர் பிள்ளையையும் தெய்வ வரிசையில் பாடிக்கொண்டிருக்கிறார்!

கோயில் முன்மண்டபத்தில் சபை கூடியது.

"ஏம்மா சடைச்சி, மனுசனும் சாமியும் ஒண்ணா? பிறந்தவனுக்குத் தொப்புள் இருக்கு. பிறவாத பெருமானுக்கு இருக்கா?" என்றார் புலவர். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. மனிதப் பிறவி எதற்கும் இனி அந்தப் பாட்டைப் பாடக்கூடாது, பாடினால் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஊர்த்தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

சடைச்சியார் அழவில்லை. புலவரின் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கொடிமரத்தடியில் நின்று கருவறையை எட்டிப் பார்த்தார்.

"அப்படியா சாமி? உன்னைப் பெத்தவ ஒருத்தியும் இல்லையா? அப்போ யாரு உனக்குப் பாட்டுப் பாடித் தண்ணி ஊத்துவா?"

உள்ளே சாயங்கால அபிடேகம். குருக்கள் குடத்தை லிங்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோனார்.

"மெல்ல ஊத்துங்க குருக்களய்யா, பிள்ளை மிரளும்!" என்ற சடைச்சியார், பாதத்திலிருந்து பாடத் தொடங்கினார்.

"தீர்ப்பை மீறுகிறாள்!" என்று புலவர் துள்ளினார்.

"மனுசப் பிறவிக்குப் பாடக்கூடாதுன்னுதானேய்யா சொன்னீங்க?"

பாட்டு தொப்புளுக்கு வந்தது. குருக்களின் கை நின்றுவிட்டது. "புலவரே, இங்கே வந்து பாரும்!" வழவழப்பான கல்லில் அதுவரை இல்லாத ஒரு சின்னக் குழி. வழிந்த நீர் அதில் தங்கி நின்றது.

அசரீரி எதுவும் எழவில்லை. உடம்பில்லாத குரலுக்கு அன்று அங்கே வேலை இல்லை. புலவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணி, மேல்துண்டை விலக்கித் தம்முடையதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனார். பேரனைத் தூக்கிவந்து சடைச்சியாரின் மடியில் கிடத்தினார்.

பிறவாத பெருமானைப் பெறாமலே பிள்ளையாக்கிக்கொண்ட அந்த ஈரக்கைகள் வாழ்க!