மிச்சச் சொல்லைத் தேடிப் போனவள்

அந்தக் காலத்தில், செல்போன் கோபுரத்தில் குடியிருந்த சேதிக்காரிகளுக்கு வாய் இருந்தது. கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், ஆனால் கூப்பிட்டால் பதில் சொல்வார்கள், கோபம் வந்தால் பேசமாட்டார்கள். அக்கா தங்கைகள் நாலு பேர். மூத்தவள் மனிதர்களின் குரலை மட்டும் சுமந்தாள். இரண்டாமவள் குரலோடு குட்டிக் கடுதாசியும் கொண்டுபோனாள். மூன்றாமவள் படம் கொண்டுபோகக் கற்றுக்கொண்டாள். நாலாமவள் பிறந்தாளோ இல்லையோ, சிரிக்கிற முகத்தைச் சிரிக்கச் சிரிக்கவே தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் ஜெபமாலை என்றொரு பெண் இருந்தாள். அவள் புருஷன் சந்தியாகு, பதினைந்து நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கும் தங்குகடல் படகில் போகிறவன். கல்யாணமான ஆறு மாதத்தில் அவன் வீட்டில் இருந்த நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். படகு கிளம்பிக் கரை மறைந்த பிறகும் வெகுதூரம் வரை இரண்டாமவள் அவன் குரலைக் கொண்டுவந்து கொடுப்பாள். அது ஜெபமாலைக்குப் போதவில்லை. குரலைக் கேட்கக் கேட்க முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. ஆசைதான், வேறென்ன.

நாலாமவள் வந்ததும் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், அக்காமார்கள் புளித்துப்போனார்கள். ஆமை நடை நடக்கிறார்கள், கோபுரத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மூத்தவள் ஏற்கெனவே போய்ச்சேர்ந்திருந்தாள். மற்ற இருவரையும் அனுப்பிவிடலாமா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது ஜெபமாலையும் கை தூக்கினாள். கொஞ்சம் கூசியது. ஆனாலும் தூக்கினாள். மூன்றாமவள் ரோஷக்காரி, அன்று போனவள் போனவள்தான். இரண்டாமவள் இறங்கிப் போய், ஊருக்கு வெளியே உப்பளத்துப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த முறை சந்தியாகு கடலுக்குப் போனபோது ஜெபமாலை போனில் அவன் முகத்தைப் பார்த்தாள். காற்றில் கலைந்த தலை, வெயிலுக்குச் சுருங்கிய கண், பின்னால் கடல். சந்தோஷத்தில் போனை முகத்துக்குக் கிட்டே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கரை மறைகிற இடத்தில் அவன் விடைபெற வாயெடுத்தான்.

"அப்போ நான் போயிட்டு..."

அத்தோடு முகம் உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றது.

அந்தக் கரையில் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். கடைக்கு உப்பு வாங்கப் போகிறவர்கூட 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்வார். போவதைச் சொல்லி வருவதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் இருப்பவர்கள் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவைப்பார்கள். கடலுக்குப் போகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். ஜெபமாலைக்கு அந்த 'வாரேன்' வந்துசேரவில்லை.

மூன்று நாள் உறைந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பேசிவிடுவான், இப்போது பேசிவிடுவான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எவ்வளவு ஆசைப்பட்ட முகம்! அதைப் பார்க்கவே இப்போது பயமாகவும் இருந்தது.

நாலாம் நாள் கோபுரத்தடிக்குப் போய் நாலாமவளிடம் கேட்டாள். சின்னப்பெண், அழுதேவிட்டாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனை வேகமாக ஓடியதில் மூச்சு முட்டிவிட்டது, அந்தச் சொல் கைநழுவிக் கடலில் விழுந்துவிட்டது, அதற்கு அப்பால் தன்னால் போக முடியாது என்றாள். ஓட்டம்தான் பெரிது, எட்டுகிற தூரம் சிறிது.

ஜெபமாலை உப்பளத்துக்குப் போனாள். இரண்டாமவள் முதலில் வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் தானும் கை தூக்கியதைச் சொல்லி ஜெபமாலை மன்னிப்புக் கேட்டாள். தெரியும் என்று மட்டும் பதில் வந்தது.

"அவரு சொன்னதுல மிச்சம் ஒரு சொல்லு எனக்கு வரல, அக்கா. அது இல்லாம என்னால இருக்க முடியல."

இரண்டாமவள் மனம் இரங்கினாள்.

"எடுத்துட்டு வாரேன். ஆனா என் தோளு சின்னது, தாயி. குரல் ஏறுனா முகம் ஏறாது. அந்த முகத்த நீ விட்டாத்தான் நான் போக முடியும்."

ஜெபமாலை போனைப் பார்த்தாள். அவன் திரும்புகிறவரைக்கும் அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். கட்டைவிரலால் அந்தக் கன்னத்தை ஒருமுறை தடவினாள். பிறகு அழித்துவிட்டாள். திரை கறுத்துப்போனது.

இரண்டாமவள் கிளம்பினாள். அவசரப்படவில்லை, அவளுக்கு அவசரப்படத் தெரியாது. கரை மறையும் இடத்தைத் தாண்டினாள். தங்கை மூச்சு முட்டி நின்ற இடத்தையும் தாண்டிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து ஜெபமாலையின் காதோரம் நின்றாள். கரகரவென்று இரைச்சல், படகு எஞ்சினின் சத்தம், அதற்குள்ளிருந்து அவன் குரல்.

"...வாரேன்."

அவ்வளவுதான். ஜெபமாலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடி அவன் முகத்தை நினைத்தபோது, பாதி திறந்திருந்த அந்த வாய் மூடியிருந்தது.

ஊர் இரண்டாமவளைத் திரும்பக் கூப்பிட்டுக் கோபுரத்தில் இடம் கொடுத்தது. தங்கை ஓடட்டும், அவள் கால் ஓய்கிற இடத்திலிருந்து நான் நடந்துகொள்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். பின்னால் ஐந்தாமவள் பிறந்து வந்தபோதும் யாரும் இரண்டாமவளைப் போகச் சொல்லவில்லை.

அன்று முதல்தான், தூரத்தில் இருப்பவரின் முகம் திரையில் உறைந்து நிற்கும்போது, ஆசையாகப் பார்த்ததை நாமே நிறுத்திவிட்டு 'பேசினால் போதும்' என்கிறோம். முகம் போன பிறகும் குரல் இன்னும் கொஞ்ச தூரம் கூடவே வருகிறது.