பூவரச மரத்து நத்தைகள்

குளக்கரைப் பூவரச மரத்தில் சடைச்சி என்றொரு மரநாய் குடியிருந்தது. ஒரு கோடையில் இரை கிடைக்காமல் தலைச்சன் குட்டிகளைப் பறிகொடுத்த பிறகு, அது மரத்தடிப் பள்ளத்தில் நத்தை வளர்க்கத் தொடங்கியது.

தீனிக்கு அது அலையவில்லை. தானாக உதிர்ந்த பழுத்த இலைகளைக் குவித்துப் போட்டது. ஓடு கெட்டிப்பட, கொக்குக் கூடுகளிலிருந்து விழுந்த முட்டையோடுகளை நொறுக்கித் தூவியது. நத்தைகளோடு அதற்கு ஓர் உடன்பாடு இருந்தது. சடைச்சி தீனி போட்டுக் காவல் காக்கும். முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டு நத்தைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டு வருடம் குறைவில்லாமல் போனது.

மூன்றாம் வருடம் தை மாதம் சடைச்சி நான்கு குட்டிகள் போட்டது. பாலுக்கு முட்டி அழும் குட்டிகளைப் பார்க்கப் பார்க்கப் பழைய பயம் அதைப் பிடித்துக்கொண்டது. கோடைக்குள் நத்தைகள் இரு மடங்காகப் பெருக வேண்டும் என்று நினைத்தது. உதிரும் இலை அதற்குப் போதாது. மரத்தில் ஏறிப் பச்சை இலைகளைக் கடித்துக் கடித்துக் கீழே தள்ளியது.

நத்தைகளில் பெரியதான மெள்ளன் கொம்பை நீட்டி மேலே பார்த்தது.

"சடைச்சி, விழுந்த இலை எங்களுக்குச் சோறு. மரத்து இலை எங்களுக்குக் கூரை. கூரையைப் பிய்த்தா சோறு போடுவாய்?"

"உனக்கென்ன, பசித்தால் ஓட்டுக்குள் படுத்துக்கொள்வாய். என் பிள்ளைகளால் முடியுமா?"

நத்தைகள் தின்று பெருகின. கோடைக்கு இருக்கட்டும் என்று சடைச்சி ஒன்றைக்கூடத் தொடவில்லை. புதிதாகத் துளிர்த்த இலையையும் அது விட்டுவைக்கவில்லை.

பங்குனியில் மரம் மொட்டையாக நின்றது. வெயில் நேராகப் பள்ளத்தில் இறங்கியது. ஈரம் காய்ந்து மண் வெடித்தது. நத்தைகள் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. சடைச்சி குளத்தில் வாலை நனைத்து வந்து அவற்றின்மேல் உதறியது. பத்து நாள் ஓயாமல் ஓடியது. பிறகு குளமும் வற்றிச் சேறானது.

மெள்ளனைப் புரட்டிப் பார்த்தது. உள்ளே காய்ந்த தோல்தான் இருந்தது. மற்ற நத்தைகளும் அப்படியே காய்ந்துபோயிருந்தன.

"மெள்ளா, உன் பேச்சைக் கேட்டிருக்கலாம்" என்றது சடைச்சி. கேட்க அங்கே யாருமில்லை.

சித்திரையில் இரையில்லாமல் இரண்டு குட்டிகள் செத்தன. மிச்ச இரண்டையும் கூட்டிக்கொண்டு, எங்கே என்று தெரியாமலே அது நிழல் தேடிப் போனது.

உதிர்வதை வாங்கிக்கொள்கிறவருக்கு மரம் நெடுநாள் சோறு போடும்; மொத்தமாகப் பறிக்கிறவருக்கு அது ஒரு கோடைகூடத் தாங்காது.