அரிசி மென்ற ராஜா

வாருங்கள், உட்காருங்கள். கதை கேட்கத்தானே வந்தீர்கள்? என் வெற்றிலைப் பெட்டிப் பக்கம் யாரும் நகரக் கூடாது. கைகளை எனக்குத் தெரிகிற மாதிரி மடியில் வையுங்கள். ம், இப்போது சொல்கிறேன்.

மலைகளுக்கே பேர் வைக்காத காலம் அது. நெடும்பொறை என்ற ஊரைக் கடம்பமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். என்னைவிடச் சந்தேகக்காரன்! சமைத்தவளைச் சந்தேகிப்பான், பரிமாறியவளைச் சந்தேகிப்பான், ருசி பார்த்து உயிரோடு நிற்கிறவனையும் சந்தேகிப்பான்.

ஒருநாள் காலையில் அவனுடைய முத்திரை மோதிரத்தைக் காணோம். ராஜா மிரண்டுபோனான். பகைவன் கையில் அது சிக்கினால் ராஜா பேரிலேயே ஓலை அனுப்பிக் கோட்டைக் கதவைத் திறக்க வைத்துவிடுவானே!

ராஜாவின் அறைக்குள் போய்வருகிறவர்கள் மூன்றே பேர். கதவு காக்கிற வீரட்டன், வெற்றிலை மடிக்கிற நாகன், குளிக்கத் தண்ணீர் இறைத்து வைக்கிற சிவந்தாள்.

அந்த ஊரில் கள்ளனைப் பிடிக்க ஒரு வழக்கம் உண்டு. பச்சரிசியை மென்று இலையில் துப்ப வேண்டும். நனைந்து வந்தால் நல்லவன். காய்ந்து வந்தால் கள்ளன், வலது கை போய்விடும். அந்த அரிசியை யாராவது முன்கூட்டியே நனைத்துவிடுவார்கள் என்று ராஜா அதைத் தன் கட்டிலடியிலேயே ஒரு கலயத்தில் வைத்திருந்தான்.

வீரட்டன் மென்றான், காய்ந்த மாவாக வந்தது. நாகன் மென்றான், அதுவும் காய்ந்த மாவு. சிவந்தாள் மென்றாள், அவளுக்கும் அப்படியே.

“ஓகோ! மூன்று பேரும் கூட்டுக் களவாணிகளா!” என்று கத்தினான் ராஜா.

சிவந்தாளுக்கு அழுகை முட்டியது. கை போனால் கயிற்றை எதைக் கொண்டு இழுப்பாள், பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு கஞ்சி ஊற்றுவாள்? கை எப்படியும் போகத்தான் போகிறது, பேசியாவது பார்ப்போமே என்று துணிந்தாள்.

“மகாராஜா, அந்த அறைக்குள் நாலாவதாகவும் ஓர் ஆள் போய்வந்தாரே. அவர் மெல்ல வேண்டாமா?”

“யாரடி அது?”

“நீங்கள்தான்.”

ராஜா வீம்புக்கு ஒரு பிடி மென்று துப்பினான். அதுவும் காய்ந்த மாவுதான்!

“பயந்தால் யாருக்கும் நாக்கு வறண்டுதான் போகும், மகாராஜா. எனக்கு நெஞ்சு படபடத்தால் நாலு குடம் தண்ணீர் இறைப்பேன், பிறகு வேப்பமரத்தடியில் காலை நீட்டிச் சும்மா உட்காருவேன். படபடப்பு அடங்கிவிடும். நீங்களும் செய்து பாருங்கள். அப்புறம் கையை வெட்டுங்கள்.”

‘கிணற்றில் தள்ளிவிடத் திட்டமோ?’ என்று ராஜாவுக்குச் சந்தேகம். கிணற்றடிக்குப் போய் அவளைத் தூரத்தில் நிற்க வைத்தான். தன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மரத்தோடு முடிந்தான். அந்த முடிச்சையும் நம்பாமல் இழுத்து இழுத்துப் பார்த்தான். அப்புறம்தான் இறைத்தான்.

முதல் குடத்தில் மூச்சு வாங்கியது. இரண்டாவது குடத்தில் வேர்த்துக் கொட்டியது. மூன்றாவது குடத்தில் கத்துவதற்கே மறந்துவிட்டான். நாலாவதையும் இறைத்துவிட்டு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தான். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது, கண் பாதி மூடியது. வாயில் எச்சில் ஊறியது.

சட்டென்று நிமிர்ந்தான். “ஐயோ! நேற்றுத் தலையணைமேல் சந்தேகம் வந்து, அதனடியில் வைத்திருந்த மோதிரத்தை அரிசிக்குள் மாற்றினேனே!”

அரிசிக் கலயத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். அடியிலிருந்து மோதிரம் உருண்டு வந்தது. இவ்வளவு நேரமும் எல்லாரும் அதன் மேலிருந்த அரிசியைத்தான் மென்றிருக்கிறார்கள்!

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. மூவரிடமும் மன்னிப்புக் கேட்டான். அந்த அரிசியைச் சோறாக்கித் தன் கையாலேயே அவர்களுக்குப் பரிமாறினான். வீரட்டன் சாப்பிட்டான், நாகன் சாப்பிட்டான். சிவந்தாள் மட்டும், “முதல் கவளத்தை நீங்கள் சாப்பிடுங்கள், மகாராஜா” என்று சொல்லிவிட்டு, அவன் விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பயந்த மனசுக்குப் பார்க்கிறவரெல்லாம் கள்ளராகத் தெரிவதால், உடம்பை வேலை வாங்கி, சற்றே இளைப்பாறி, படபடப்பு அடங்கிய பிறகே ஒருவரைக் குற்றம் சொல்ல வேண்டும்.