காசியில் விட்ட கத்திரிக்காய்

தணிகாசலம் சார் சொன்னதை அப்படியே சொல்றேன். இதுல என் சொந்தச் சரக்கு ஒண்ணும் கிடையாது. அவ்வளவு சரக்குக்கு நான் எங்க போவேன்?

குடியாத்தத்துல லுங்கி மொத்த வியாபாரம் பண்ற ஒரு கம்பெனி. அதோட ஆபீஸ்ல நாங்க நாலு பேர். தணிகாசலம் சார் மேனேஜர். ஏழுமலை கேஷியர். பில் போடுறவன் நான். கணக்குப் பாக்குறது ரஞ்சிதக்கா, அவங்க புதுசா வந்து சேர்ந்தவங்க. மத்தியானம் ஆனா லுங்கி மூட்டைங்களுக்கு நடுவுல கிடக்கிற மேசையைச் சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். எல்லார் டப்பாவும் திறக்கும், கூடவே சார் வாயும் திறக்கும். டப்பாவையாவது சாப்பிட்டதும் மூடிடலாம்.

சாருக்கு ஊர்ல ஒரு பேரு உண்டு, கத்திரிக்காயைக் காசியில விட்டவருன்னு. காசிக்குப் போறவங்க மனசுக்குப் பிடிச்ச காயோ பழமோ ஒண்ணைக் கங்கையில விட்டுட்டு வரணும், அப்புறம் சாகுற வரைக்கும் அதைத் தொடக்கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்கில்ல, அதுல இவர் விட்டது கத்திரிக்காய். கல்யாணப் பந்தியில கத்திரிக்காய் வாளி வந்தா, இலை மேல ரெண்டு கையையும் கவுத்து வச்சுக்கிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்குவாரு. பரிமாறுறவன் தாண்டிப் போற வரைக்கும் திறக்க மாட்டாரு. பாக்குறவங்க, என்னா வைராக்கியம் இந்த மனுசனுக்குன்னு கன்னத்துல போட்டுக்காத குறைதான். அந்த வைராக்கியத்தைக் காட்டியே கோயில் கமிட்டியில தலைவர் ஆயிட்டாரு.

அன்னைக்கு ரஞ்சிதக்கா ஒரு பெரிய டப்பாவைத் திறந்தாங்க. அவங்க பொறந்த ஊரு இலவம்பாடி, முள்ளுக் கத்திரிக்காய்க்குப் பேர் போன ஊரு. பிஞ்சாப் பாத்து, காம்பு கழலாம நாலாக் கீறி, உள்ள மசாலா அடைச்சு, நல்லெண்ணெய்ல சுருளச் சுருள வதக்கி, நிறைய அடுக்கிக் கொண்டாந்திருந்தாங்க. மூடியை எடுத்ததும் பக்கத்துக் கடை டெய்லரு மிஷினை நிறுத்திட்டு எட்டிப் பாத்தாரு. இது நான் கண்ணால பாத்தது, சார் சொன்னதுல சேராது.

சாரும் கண்ணை மூடல. எங்களுக்கு அதுதான் அதிசயம். தன்னோட தயிர்சாதத்தை ஓரமாத் தள்ளிட்டு, நாற்காலியை அக்கா டப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டாரு. கை பாதி தூரம் வந்தாச்சு.

"சார், நீங்க கத்திரிக்காயைக் காசியில விட்டவராச்சே"ன்னு கேட்டாங்க ரஞ்சிதக்கா. பாவம், மரியாதையாத்தான் கேட்டாங்க.

கை அப்படியே நின்னுச்சு. சாப்பிட்டா வைராக்கியம் போச்சு, கமிட்டியும் போச்சு. சாப்பிடலேன்னா கத்திரிக்காய் போச்சு. நாமளா இருந்தா அசடு வழிஞ்சுக்கிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கிட்டிருப்போம். சார் நிமிந்து உக்காந்து தொண்டையைக் கனைச்சாரு.

"அது பெரிய கதைம்மா. அதைச் சொல்லிட்டுச் சாப்பிட்டாத்தான் முறை."

தாராளமாச் சொல்லுங்க சார், நாங்க சாப்பிட்டுக்கிட்டே கேக்குறோம்னான் ஏழுமலை.

சாருக்குச் சின்ன வயசுல கத்திரிக்காய்னா ஆகாதாம். ஆகாதுன்னா நமக்கெல்லாம் ஆகாத மாதிரி இல்லையாம். கைக்குழந்தையா இருக்கிறப்பவே, அம்மா கத்திரிக்காய் சாப்பிட்ட அன்னைக்குப் பால் குடிக்காம மூஞ்சியைத் திருப்பிக்குவாராம். காய்க்காரம்மா கூடையைத் தூக்கிக்கிட்டு மேட்டுத்தெருவுல நுழைஞ்சா, இவர் கடைசித் தெருவுல தொட்டில்ல கத்துவாராம். இவர் கத்துறதை வச்சுத்தான் கூடையில கத்திரிக்காய் இருக்கா இல்லையான்னு பொம்பளைங்க தெரிஞ்சுக்குவாங்களாம். ஊருக்கு உபகாரமா இருந்திருக்காரு, நல்ல விஷயம்தான்.

அவங்கம்மாவும் சும்மா விடலியாம். கத்திரிக்காயைச் சுட்டு மசிச்சு, வெல்லம் போட்டுப் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, மேல முந்திரியும் வச்சு, லட்டுன்னு சொல்லிக் குடுத்தாங்களாம். வாயில போட்டதும் நாக்கு தனியா வெல்லத்தைப் பிரிச்சு, தனியா முந்திரியைப் பிரிச்சு, கத்திரிக்காயை மட்டும் துப்புச்சாம். அது எதுத்த வீட்டுச் சுவத்துல போயி ஒட்டிக்கிச்சாம். அப்புறம் வெள்ளையடிச்சும் அந்தக் கறை போகலியாம்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவுலயும் இதே கதைதானாம். இவர் தட்டை நீட்டினா, சாம்பார்ல மெதக்குற கத்திரிக்காய்த் துண்டெல்லாம் பயந்துபோய் அண்டாவுக்கு அடியில போயிடுமாம். ஆயாம்மா எவ்வளவு துழாவினாலும் ஒண்ணு மேல வராதாம். எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. மேனேஜர் முன்னாடி சிரிக்க முடியுமா? வாயை அடைக்கணும்னு அக்கா டப்பாவுலேர்ந்து ஒரு காயை எடுத்துப் போட்டுக்கிட்டேன். ஏழுமலைக்கும் சிரிப்பு வந்திருக்கும் போல, அவனும் எடுத்தான்.

அதோட நின்னுதா? இவர் கத்திரித் தோட்டம் பக்கமா நடந்து போயி ஒரு பார்வை பாத்தா, பூவெல்லாம் பொலபொலன்னு கொட்டிடுமாம். ஒரு வருஷம் இலவம்பாடிப் பக்கம் மாமா வீட்டுக்கு லீவுக்குப் போயிருந்தாராம். அந்த வருஷம் அங்க ஒரு பிஞ்சு கூட இறங்கலியாம். விவசாயிங்க எல்லாம் சேந்து கால்ல விழுந்து, மாட்டு வண்டியில ஏத்தி, கண்ணைத் துணியால கட்டி ஊருக்கு அனுப்பி வச்சாங்களாம்.

எங்க ஊர்ல அப்படி ஒரு வருஷம் இருந்ததா யாரும் சொல்லிக் கேட்டதில்லையேன்னாங்க ரஞ்சிதக்கா. ஒரு சின்னப் பையன்கிட்டத் தோத்ததை யாரும்மா வெளிய சொல்லிக்குவாங்கன்னு கேட்டாரு சார். அக்காவும் சாப்பாட்டுல கையை வச்சாங்க.

அப்புறம்தான் காசி. பத்து வயசுல சொந்தக்காரங்களோட போயிருக்காரு. கங்கைக் கரையில ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து, பிடிச்சதை விட்டாங்களாம். சர்க்கரை வியாதிக்காரப் பெரியப்பா ஜிலேபியை விட்டாராம். பல்லு போன அத்தை முறுக்கை விட்டாங்களாம். இவரை யாரும் கூப்பிடல, சின்னப் பையன். ஆனா இவரே தண்ணியில குதிச்சு, கத்திரிக்காயை விட்டேன்னு கத்தினாராம். அது உனக்கு அவ்வளவு பிடிக்குமாடா தம்பின்னு புரோகிதர் கேட்டாராம். உயிருன்னாராம் இவர். அதைக் கேட்டதும் கங்கை ஓடுறதை நிறுத்திட்டு, இவரை ஏற இறங்கப் பாத்துட்டு, அப்புறமாத்தான் ஓடுச்சாம். இந்த அனுபவம் எங்களுக்கு தினமும் மத்தியானத்துல உண்டு. கங்கைக்கு அன்னைக்கு ஒரு நாள்தான்.

"அப்ப பிடிக்காததைத்தான் விட்டீங்களா? வைராக்கியம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கீங்களே சார்."

ஏழுமலை இப்படித்தான், போட்டு உடைச்சிடுவான். கத்திரிக்காய் முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும். ஆனா சார் அசரல. அவசரப்படாதடா, வைராக்கியம் இனிமேதான் வருதுன்னாரு. டெய்லரு வேற கதை கேக்குற சாக்குல கையில சோத்துத் தட்டோட வந்து மூட்டை மேல உக்காந்துட்டாரு. ஆள் கூடினதும் சாருக்கு சுருதி ஏறிடுச்சு.

மனுசனுக்கு மீசை மொளைக்கிற மாதிரி நாக்கும் ஒரு நாள் வயசுக்கு வருமாம். நமக்கெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமா நடக்குமாம். கமர்கட்டு அலுத்துப் போகும், காப்பிக் கசப்பு பிடிச்சுப் போகும், ரசத்துல மிளகு பத்தலேன்னு தோணும். சாருக்கு எல்லாம் ஒரே காலையில நடந்துச்சாம். பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கிறப்ப நாக்கு வாய்க்குள்ளயே ஒரு புரள் புரண்டுச்சாம். அந்தச் சத்தம் கேட்டு ஆம்பூர் ஸ்டேஷன்ல ரயிலை நிறுத்திட்டாங்களாம், தண்டவாளம் ஒடைஞ்சிடுச்சுன்னு நெனச்சு. அன்னையிலேர்ந்து ஜிலேபியைக் கண்டா குமட்டுதாம். கத்திரிக்காயை நெனச்சா கண்ணுல தண்ணி வருதாம்.

ஆனா தொட முடியாதே, காசியில விட்டாச்சே. கல்யாணம் முடிஞ்சு மாமியார் வீட்டுல மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளைக்குன்னு எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ணி வச்சிருக்காங்க. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே வாசம் மூக்குல ஏறிடுச்சாம். வாய் ஊறுச்சாம், ஊறுச்சாம், ஊறிக்கிட்டே இருந்துச்சாம். வெளிய வந்து வாய்க்கால் ஓரமாத் துப்பினாராம். பாலாத்துல வெள்ளம் வந்துச்சே ஒரு வருஷம், ஞாபகம் இருக்கா? மழைன்னு பேப்பர்ல போட்டாங்களாம். மழையே பெய்யலியாம்.

டெய்லரு தலையில கையை வச்சுக்கிட்டாரு. அந்த வெள்ளத்துல அவர் மச்சான் வீட்டுச் சுவரு இடிஞ்சிருக்கு. யார்கிட்ட நஷ்டஈடு கேக்கணும்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சுன்னாரு. சொல்லிட்டு அவரும் டப்பாவுல கையை விட்டாரு.

அதுக்கப்புறம் இத்தனை வருஷம் தொடலியாம். வீட்டுலயும் செய்யக் கூடாதுன்னுட்டாராம். எங்கேயாவது விருந்துன்னா, கண்ணை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ள அழுவாராம். இதைச் சொல்றப்ப சார் குரல் லேசா இறங்குச்சு. நான்தான் கவனிச்சேன். மத்தவங்க சாப்பாட்டுல மும்முரமா இருந்தாங்க.

கடைசியில போன தீபாவளிக்கு, பொறுக்க முடியாம மறுபடியும் காசிக்கே போயிட்டாராம். விட்டதைத் திருப்பிக் குடுங்கன்னு புரோகிதருங்களைக் கேட்டாராம். படித்துறைக்குப் பின்னாடி ஒரு குடோனுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்களாம். ஜனங்க விட்டுட்டுப் போனதெல்லாம் அங்கதான் கிடக்குதாம். நம்ம ஊர்க்காரங்க விட்டதுக்குன்னு தனிப் பகுதி. பாகக்காய் மலை ஒண்ணு, சொரக்காய் மலை ஒண்ணு, நடுவுல கோவக்காய். மாம்பழம் ஒண்ணு கூட இல்லியாம். பலாப்பழம் மட்டும் ஒண்ணு இருந்துச்சாம், எவனோ விவரம் தெரியாதவன் விட்டது.

அந்தக் காய் மலைங்களுக்குப் பின்னாடி யானைக் குட்டி சைசுல இவரோட கத்திரிக்காய் உக்காந்திருந்துச்சாம். பத்து வயசுல விட்டதில்லையா, அதுவும் கூடவே வளந்திருக்கு. இவரைப் பாத்ததும் கோவிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சாம். உயிருன்னு சொல்லிப் பொய்யா என்னைத் தொலைச்சியேன்னு கேட்டுச்சாம். அன்னைக்குப் பொய், இன்னைக்குச் சத்தியம்னு இவர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழ, அதுவும் அழுதுச்சாம். குடோன்காரர் மனசு இளகி, தீர்ப்பு சொன்னாராம்.

"பிடிச்சதை விட்டாத்தான் விட்டதுக்குக் கணக்கு. நீ விட்டப்ப உனக்கு இது பிடிக்கல. அதனால நீ விடவே இல்ல. போய்ச் சாப்பிடு."

கத்திரிக்காய் ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்பிச்சாம்.

போன தீபாவளிக்கு நீங்க ஆபீஸ்ல ஸ்டாக் எடுத்துக்கிட்டு இருந்தீங்களே சார்னான் ஏழுமலை. சரி, போனதாவே வச்சுக்குவோம், தை மாசம் முதலாளி வீட்டுக் கல்யாணத்துல எதுக்குக் கண்ணை மூடினீங்கன்னும் கேட்டான். சார் அவனை ஒரு பார்வை பாத்தாரு. அங்க சொன்ன தீர்ப்பு இங்க அமலுக்கு வர நாளாகாதா, இன்னைக்குக் காலையிலதான் வந்துச்சுன்னாரு.

சட்டத்துல ஓட்டையே இல்ல. வைராக்கியமும் பத்திரம், கமிட்டியும் பத்திரம். சார் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, எங்க எல்லாரையும் சாட்சிக்கு ஒரு தடவை பாத்துட்டு, டப்பாவுக்குள்ள கையை விட்டாரு.

அடியில எண்ணெய் இருந்துச்சு. எண்ணெய்ல காம்பு ஒண்ணு கிடந்துச்சு. கை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போயிட்டு வந்துச்சு. நாங்க யாரும் தலையை நிமிக்கல. சார் முகம் போன போக்கை ஓரக்கண்ணால பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவ்வளவு நேரம் சொன்னதுல அந்த ஆசை ஒண்ணுதான் நெசம்.

ரஞ்சிதக்கா கையைத் துடைச்சுக்கிட்டு டப்பாவை அவர் பக்கமா நகத்தி வச்சாங்க.

"நீங்க காசிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தீந்துடுச்சு சார். காம்பு இருக்கு. காம்பை நீங்க விடல இல்ல?"